நூற்றுப் பதின்மூன்று

"எத்தினை பேர் பிள்ளை வந்தவை?"
போனில் தயாளசீலன் அண்ணை.
பின்னால் அச்சு மெசின் இரைகிறது.
எண் ஒன்று வேணும் அவருக்கு,
ஆறு மணிக்குள்.

பொலிஸ் சொன்னது நாற்பது.
ஒலிவாங்கி பிடித்தவர் சொன்னது நானூறு.
நான் எண்ணினேன்,
மாநகரசபைப் படலையிலிருந்து தபால்பெட்டி மட்டும் ஒருதரம்,
திரும்பி வந்து இன்னொருதரம்.
முதலில் நூற்றுப் பதினாறு.
அதில் இரண்டு பேர் கச்சான் வாங்க வந்தவர்கள்,
ஒருவர் பஸ் வரும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்.
ஆக, நூற்றுப் பதின்மூன்று.

'பதினொரு வருடமாகத் தற்காலிகம்'
என்று எழுதிய மட்டையைத்
தலைகீழாகப் பிடித்திருந்தான் ஒரு பொடியன்.
பவளராணி அக்கா திருப்பிவிட்டா.
விடியப்புறம் மூன்றரைக்குக்
கஸ்தூரியார் வீதியைக் கூட்டுகிறவ.
நோட்டைத் திறந்தேன்.
"படிச்ச ஆக்கள் போற றோட்டுத்தான் தங்கச்சி
பெரிய ஊத்தை. எழுதுவியளோ அதை?"
எழுதினேன்.
அந்த வரி அச்சுக்குப் போகவில்லை.

இந்த நகரத்தில் ஓர் அறை தேடி
ஒன்பது வீட்டு மணி அடித்திருக்கிறேன்.
வாடகை சொல்லமுதல்
"சொந்த இடம் எது பிள்ளை?"
விசுவமடு.
"அதுக்கு முன்னம்?"
பிறகு அப்பாவின் பெயர்,
பிறகு அப்பப்பா செய்த தொழில்.
நேரே ஒன்றும் கேட்காமல்
எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் அந்தக் கெட்டித்தனம்
எங்கள் விரிவுரைகளில் இல்லை.

வீதியின் மறுகரையில்
வெள்ளைச் சேர்ட்டுக்காரர் ஒருவர்
எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
யாரென்று ஒருவரும் சொல்வதில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
கிட்ட வந்து, மெல்ல,
"நங்கி, நீங்க எத்தன எண்ணினது?"
அவருக்கும் ஆறு மணிக்குள் கொடுக்க வேணும்போல.
சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது.
ஒரே எண், இரண்டு நோட்டுகளில்.
என்னுடையது நாளையின்றைக்கு வடை சுற்றும்.
அவருடையது பத்திரமாக இருக்கும்.

அப்போதுதான் சோளகம் எழும்பிப்
பதாகையைப் பாய்போலப் புடைத்தது.
பவளராணி அக்காவின் செருப்பு வார் அறுந்தது.
"இதைப் பிடியுங்கோ ஒருக்கா."
பிடித்தேன்.
நோட்டு கக்கத்தில், பேனை வாயில்,
இரண்டு நிமிடம் இருக்கும்.

அடுத்த நாள் ஐந்தாம் பக்கத்தில்,
புடவைக்கடைத் திறப்புவிழாவுக்குக் கீழே,
'சுமார் நூறு பேர்.'
பதின்மூன்று பேரை விழுங்கிவிட்டது அந்தச் சுமார்.
மற்றப் பேப்பரில் படம்:
பதாகையின் இடது முனையில் நான்.
"செய்தியாளர் நடுவில் நிற்கவேணும்"
என்றார் விரிவுரையாளர்.
எது சேர் நடு?
இந்த ஊரில் நடுவில் நிற்பவரை
மினிபஸ்காரன் அடித்துவிட்டுப் போவான்.
கேட்கவில்லை. தலையாட்டினேன்.

நித்திரை வரவில்லை.
நாலு மணிக்குச் சைக்கிள் எடுத்துக்
கஸ்தூரியார் வீதிக்குப் போனேன்.
நகைக்கடைகள் பூட்டியிருந்தன,
லைற்றுகள் மட்டும் ஒருவருக்கும் இல்லாமல் எரிந்தன.
"எங்கட படம் வந்ததோ?"
விரித்துக் காட்டினேன்.
கடைவெளிச்சத்தில் பிடித்துத் தன்னைத் தேடினா,
இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம்.
பொடியன் இருந்தான்.
கச்சான்காரன்கூட இருந்தான்.
குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவ இல்லை.
அவ நின்ற இடத்தில்
வாயில் பேனையோடு நான்.

"வடிவாத்தான் நிக்கிறியள்."
பகிடியா என்று முகத்தில் தேடினேன்.
பேப்பரை நாலாய் மடித்து
மேற்சட்டைப் பையில் வைத்தா.
பிறகு தும்புத்தடியை எடுத்து,
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றா,
நான் நின்ற இடத்தையும் கூட்ட.